கொளஞ்சியம்மாளின் ரவை பிரஸ்

கொளஞ்சியம்மாளுக்குப் பூமாலையைக் கண்டால் ஆகாது. இதை ஒளித்து வைத்துப் பிறகு சொல்வதில் பிரயோஜனமில்லை. சங்கராபுரத்தில் அவளைத் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். பூமாலை அவளுடைய ஓரகத்தி. கொளஞ்சியின் புருஷன் பச்சமுத்து மூத்தவன், பூமாலையின் புருஷன் சின்னக்கண்ணு இளையவன். இரண்டு வீட்டுக்கும் பிழைப்பு ஒன்றுதான். திருவிழாக்களில் பலூன் சுடும் கடை போடுவார்கள். நீலத் துணி போர்த்திய பலகை, அதில் சாண் இடைவெளி விட்டுக் கட்டிய சின்னச் சின்ன பலூன்கள், பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி ஒரு மேசை, மேசைமேல் இரண்டு ஏர்கன். ஆண்கள் இருவரும் பலூன் ஊதுவதோடு சரி. துப்பாக்கியில் ரவை போட்டு நீட்டுவதும், வந்தவரிடம் வாய் கொடுப்பதும் பெண்கள்தான்.

எங்கே போனாலும் இரண்டு கடையும் ஒட்டித்தான் நிற்கும். பாசத்தினால் அல்ல. அப்படி நின்றால் ஒரே தார்ப்பாய் போதும், பலகைக்குப் பின்னால் அடுக்குகிற மணல் மூட்டைகளும் பொதுவாகிவிடும். திருவிழா முடிந்ததும் மணலைச் சலித்து, பாய்ந்த ரவைகளைப் பொறுக்கி, ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். மாமனார் காலத்து வழக்கம் அது.

ஆக, கொளஞ்சியின் கண்ணுக்கு எதிரிலேயே, பதினோரு வருஷமாக, பூமாலையின் பலூன்கள் பட்பட்டென்று வெடித்துக்கொண்டிருந்தன. இவள் கடையில் பத்துக்கு மூன்று வெடித்தால் அதிகம். அங்கே ஆறு, ஏழு. வெடிக்கிற இடத்தில்தானே கூட்டம் நிற்கும்? அந்தச் சத்தம் ஒவ்வொன்றும் அவள் வயிற்றில் விழுந்தது.

காரணம் என்ன என்று அவளைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வாள். பாகம். மாமனார் செத்த வருஷம் அவருடைய நான்கு துப்பாக்கிகளையும் இரண்டிரண்டாகப் பிரித்து, மஞ்சள் நூல் கட்டியது ஒரு ஜோடி, சிவப்பு நூல் கட்டியது ஒரு ஜோடி என்று வைத்து, திருவுளச்சீட்டு போட்டார்கள். மஞ்சள் இவளுக்கு வந்தது, சிவப்பு பூமாலைக்கு.

"நல்லது ரெண்டும் அவளுக்குப் போயிட்ச்சி, கோணலு ரெண்டும் என் தலையில வுழுந்திச்சி" என்று பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பச்சமுத்து பதில் சொல்வதில்லை. அவன் வாயில் எப்போதும் ஒரு பலூன் இருக்கும்.

பொறாமைக்காரர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, அடுத்தவர் செய்வதைத் திட்டிவிட்டு எதிர்மாறாகச் செய்யும். கொளஞ்சி இரண்டாவது வகை. திட்டிவிட்டு அதையே செய்வாள். பூமாலை பலகைக்கு நீலத் துணி போட்டாள், அடுத்த வாரமே இவள் பலகையும் நீலமாயிற்று. பூமாலை சிவப்புப் பலூனை நடுவில் கட்டினாள், இவளும் கட்டினாள். துப்பாக்கி விஷயத்தில்கூட அவளைப் பார்த்து ஒரு காரியம் செய்து வைத்திருந்தாள். அந்தக் கதை கொஞ்சம் பொறுத்து வரும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில், போன தை மாதம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார் பொன்னுரங்கம். வெள்ளிமலையில் மே மாதம் நடக்கிற கோடை விழாவுக்குக் கடைகளைக் குத்தகை எடுத்து விடுகிறவர் அவர். கல்வராயன் மலை முழுக்க ஜீப்பும் பஸ்ஸுமாக வந்து இறங்குகிற கூட்டம் அது. பலூன் கடைக்காரர்களுக்கு அந்த மூன்று நாள்தான் வருஷம்.

"இந்த வாட்டி பலூன் கடை ஒண்ணுதாம்மா. ராட்டினம் பெருசா வருது, எடம் இல்ல" என்றார் பொன்னுரங்கம். "போன வருசம் உன் கடையில சுட்டவங்க, ஒண்ணுகூட வுழலன்னு எங்கிட்ட வந்து சண்ட போட்டாங்க கொளஞ்சி. மாசி மாசம் மயானக் கொள்ளைக்கு நான் இங்கதான் இருப்பேன். யார் கடையில கூட்டம் நிக்குதோ, அவங்களுக்குதான் மல."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பூமாலை லேசாகச் சிரித்தாள். அவள் சிரிக்கவே இல்லை என்று பச்சமுத்து பிற்பாடு சத்தியம் செய்தான். கொளஞ்சிக்கு மட்டும் அது தெரிந்தது.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். துப்பாக்கி நல்லதாக அவளிடமே இருக்கட்டும். ரவை என்னுடையதாக இருக்கட்டும். டப்பாவில் வருகிற ரவையின் லட்சணம் கொளஞ்சிக்குத் தெரியும். உப்புமா ரவையைச் சொல்லவில்லை, துப்பாக்கிக் குழலில் போடுகிற ஈய ரவை. ஒரு முனை மழுங்கலாக, மறுமுனை குழிந்து பாவாடை மாதிரி விரிந்திருக்கும். டப்பா ரவையில் ஒன்று குண்டு, ஒன்று ஒல்லி, ஒன்றுக்குப் பாவாடை கிழிசல். வெள்ளையடித்த சுவரில் சேறு தெறித்த மாதிரி ஆளுக்கொரு திசையில் போகும். மணலில் பொறுக்கிய ஈயம் வீட்டில் சேர்ந்து கிடந்தது. அதை உருக்கித் தானே ஒரே அளவாக அடித்துக்கொண்டால்?

கள்ளக்குறிச்சியில் தார்ப்பாய்க் கடை ஒன்றை மூடிக்கொண்டிருந்தார்கள். தார்ப்பாய் ஓரத்தில் கயிறு கோக்கக் கண்ணி அடிக்கிற கைப் பிரஸ் அங்கே துருப்பிடித்துக் கிடந்தது. இரும்புக் கழுத்தும் நீளமான கைப்பிடியுமாகப் பத்துக் கிலோ கனம். அதை வாங்கி, லேத்துப் பட்டறைக்காரரிடம் கொடுத்து, ரவை அளவில் குழி போட்ட அச்சாக ஒரு டையும், மேலிருந்து இறங்கி ஈயத்தைக் குழிக்கிற பஞ்ச் ஒன்றும் கடைந்து வாங்கிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி மடியில் வைத்துப் பஸ்ஸில் வந்தாள்.

பிரஸ் வந்துவிட்டது, ரவை வரவில்லை. முதலில் அதை மரப் பெஞ்சில் போல்ட்டு போட்டு முடுக்கினாள். கைப்பிடியை இழுத்தால் பெஞ்சும் கூட வந்தது. அமுக்கம் ஒரு தடவை போல இன்னொரு தடவை இல்லை. ரவை ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. இரண்டு நாள் பார்த்துவிட்டு, கொல்லையில் துணி துவைக்கிற கல்லில் துளை போடச் சொல்லி, அதன்மேல் பிரஸ்ஸை இறுக்கிவிட்டாள்.

"துணிய எங்க தொவைக்கிறது?" என்றான் பச்சமுத்து.

"உங்க தலையில தொவைங்க" என்றாள்.

பெஞ்சு ஆட்டம் நின்றது. அடுத்தது, ரவை டைக்குள் சிக்கிக்கொண்டு வர மறுத்தது. விளக்கெண்ணெய் விட்டாள். வந்தது, ஆனால் கன்னத்தில் குழி விழுந்து வந்தது. எண்ணெய்க்குப் போக இடமில்லாமல் அதுவே ஈயத்தை அமுக்குகிறது என்று புரிய ஒரு நாள் ஆயிற்று. அப்புறம் ஈயத் துண்டுகளை எண்ணெய் தொட்ட துணியில் புரட்டி எடுப்பதோடு நிறுத்திக்கொண்டாள். துண்டுகள் அளவு மாறாமல் இருக்க, பலகையில் ஓர் ஆணி அடித்து, ஈயக் கம்பியை அந்த ஆணியில் முட்டவிட்டு வெட்டினாள்.

பாவாடை மட்டும் ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் வெங்காயத் தோல் மாதிரி மெலிந்து வந்தது. பஞ்ச் டைக்கு நடுவில் இறங்கவில்லை. எத்தனை தடவை கண்ணால் பார்த்துப் பார்த்து நகர்த்தினாலும் மயிரிழை விலகி நின்றது. ஐந்தாவது நாள், வெறுத்துப்போய், டையைப் பிடித்திருந்த போல்ட்டுகளைத் தளர்த்தி, பஞ்ச்சை அதற்குள் முழுக்க இறக்கினாள். டை தானாக நகர்ந்து பஞ்ச்சுக்கு நேராக உட்கார்ந்தது. அதே நிலையில் போல்ட்டுகளை முடுக்கினாள். அதற்கப்புறம் விழுந்த ரவைகளை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தபோது, எல்லாம் ஒரே வயிற்றில் பிறந்த மாதிரி இருந்தன. கொளஞ்சிக்குத் தன்மேலேயே மரியாதை வந்துவிட்டது.

கொல்லையில் மணல் மூட்டை வைத்து, அதில் காலண்டர் தாளைக் குத்தி, தன் மஞ்சள் நூல் துப்பாக்கியால் பத்து ரவை சுட்டாள். கிட்டே போய்ப் பார்த்தாள். பத்தும் ஒரே ஓட்டைக்குள் போயிருந்தன. ஆனால் அந்த ஓட்டை, குறி வைத்த இடத்துக்கு மூன்று விரல் இடது பக்கம் இருந்தது. இன்னொரு துப்பாக்கியை எடுத்தாள். அதுவும் மூன்று விரல், அதுவும் இடது.

"பாத்தீங்களா! கோணத் துப்பாக்கின்னு நான் சொன்னப்ப யாரு நம்புனா?" என்று கத்தினாள். கோபமா சந்தோஷமா என்று பச்சமுத்துவுக்குப் பிடிபடவில்லை.

"முள்ளத் தட்டி சரி பண்லாமே" என்றான். குழல் நுனியில் குறி பார்ப்பதற்காக நிற்கிற இரும்புத் துண்டைத்தான் அவர்கள் முள் என்பார்கள்.

"முள்ளு சரியாத்தான் கீது. அவ துப்பாக்கியில எப்டி கீதோ அப்டியேதான் கீது" என்று வெடுக்கென்று சொன்னாள்.

கோணல் துப்பாக்கிக்கு ஏற்ற மாதிரி ரவையைக் கோணலாக்கினால் என்ன என்றுகூட யோசித்தாள். பஞ்ச்சை வேண்டுமென்றே விலக்கி, ஒரு பக்கம் தடித்த ரவையாக அடித்து, தடித்த பக்கத்தில் ஆணியால் கீறி, அந்தக் கீறல் வலது பக்கம் பார்க்கும்படி குழலில் போட்டுச் சுட்டாள். ரவை பம்பரம் மாதிரி சுழன்றுகொண்டு போகிற சாமான். அதற்கு வலது ஏது, இடது ஏது? காலண்டர் தாள் முழுக்க ஓட்டையாயிற்று. மறுபடி எல்லாவற்றையும் தளர்த்தி, முதலில் இருந்த மாதிரியே முடுக்கி வைத்தாள். வருகிறவர்களிடம் 'மூணு விரலு வலது பக்கம் பாத்து அடிங்க' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பக்கத்துக் கடையில் இருக்கிற பூமாலையின் காதில் விழும். அதற்கு மலையே போனாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

மயானக் கொள்ளை அன்று காலையிலேயே அங்காளம்மன் கோயில் பக்கம் கூட்டம் நெரிந்தது. உடம்பெல்லாம் எலுமிச்சம்பழம் குத்திக்கொண்டவர்களும் காளி வேஷக்காரர்களும் மேளத்தோடு போய்க்கொண்டிருந்தார்கள். பொன்னுரங்கம் எதிரே கரும்புச்சாறு வண்டி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கொளஞ்சி புது ரவையைத் தட்டில் கொட்டி வைத்தாள். மதியம் வரைக்கும் சுட்டார்கள். பூமாலை கடையில் வெடித்தது. இவள் கடையில் பலூன்கள் முழுசாக நின்று காற்றில் ஆடின. முன்பாவது பத்துக்கு மூன்று வெடிக்கும். சிதறுகிற ரவையில் ஏதாவது ஒன்று குருட்டாம்போக்கில் பட்டுவிடும். இந்த நேர் ரவை அதையும் கெடுத்துவிட்டது. எல்லாம் ஒழுங்காக வரிசையில் நின்று பலூனுக்கு இடது பக்கமாகவே போய்ச் சேர்ந்தன.

மூன்று மணி வாக்கில் காலேஜ் பெண் ஒருத்தி வந்தாள். மலர்விழி என்று பெயர், வெள்ளிமலைக்காரி, கள்ளக்குறிச்சியில் படிக்கிறாள், என்.சி.சி.யில் இருக்கிறாள், இதெல்லாம் அவளே சொன்னது. ஐந்து ரவை சுட்டாள். ஒரு பலூனும் வெடிக்கவில்லை. மற்றவர்கள் மாதிரி முகத்தைச் சுளிக்காமல், நேராகப் பலகைக்குப் போய்த் துணியைத் தடவிப் பார்த்தாள்.

"அக்கா, இங்க வாங்களேன். அஞ்சும் ஒரே ஓட்ட! இந்த ரவை எங்க வாங்கினீங்க? எங்க கேம்ப்லகூட இப்படி ஒண்ணு மேல ஒண்ணு வுழாது."

கொளஞ்சிக்கு நெஞ்சு குளிர்ந்தது. பூமாலை கேட்டிருப்பாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தாள். பூமாலை கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மலர்விழி திரும்பி வந்து துப்பாக்கியை எடுத்து, குழல் நுனியைக் கண்ணுக்கு எதிரே பிடித்தாள். "ரவையில ஒரு கொறையும் இல்ல. குழலும் நேரா இருக்கு. முள்ளுதான்க்கா வலது பக்கம் சாஞ்சி கெடக்கு. இதோ, சுத்தியல் பட்ட தழும்பு. யாரோ வேணும்னே தட்டியிருக்காங்க."

சத்தம் கேட்டுப் பொன்னுரங்கம் எழுந்து வந்தார். துப்பாக்கியைப் பார்த்தார். அடுத்ததையும் எடுத்துப் பார்த்தார். அதிலும் அதே சாய்வு, ஒரு நெல் அளவு. அவருடைய பார்வை மெதுவாகப் பக்கத்துக் கடைக்குப் போயிற்று.

"பூமால, ஒரே தார்ப்பாயில கட வெச்சிருக்கீங்க. நீ எதுனா பண்ணியா?"

இப்போது அந்தக் கதையைச் சொல்லிவிடலாம். பாகம் பிரிந்து முதல் திருவிழா. பூமாலை டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், கொளஞ்சி அவள் துப்பாக்கியை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். முள் வலது பக்கம் ஒரு நெல் அளவு சாய்ந்திருந்தது. இதுதானா உன் சூட்சுமம் என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்து, பச்சமுத்து இல்லாத சமயம் பார்த்து, தன்னுடைய இரண்டு துப்பாக்கியின் முள்ளையும் சின்னச் சுத்தியலால் அதே மாதிரி வலது பக்கம் தட்டிச் சாய்த்தாள். நூல் பிசகாமல் தட்டினாள். கைவேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது.

அதெல்லாம் இப்போது உள்ளங்கையில் திரும்ப வந்தது, சுத்தியல் பிடி உட்பட. வாயைத் திறக்காமல் நின்றால் போதும். பொன்னுரங்கமே பழியைத் தூக்கிக் கொண்டுபோய் அடுத்த கடையில் வைத்துவிட்டார். சும்மா நின்றால் வெள்ளிமலை இவளுக்கு. கொளஞ்சி சும்மா நின்றாள். உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் அவளுக்கு இனித்தது.

பூமாலை மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, துப்பாக்கியைப் பொன்னுரங்கத்தின் கையிலிருந்து வாங்கினாள். முள்ளைக் கட்டைவிரலால் தொட்டாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"நான் தட்டுவனாண்ணே இத? இது நேர் துப்பாக்கிண்ணே. மாமனாரு ஆரையும் தொட வுடாம பொத்திப் பொத்தி வெச்சிருந்த ஜோடி. சீட்டுல அக்காவுக்குப் போயிட்ச்சி. எனக்கு வந்த ரெண்டும் குழலே கோணலு, வலது பக்கம் இழுக்கும். அதுக்குதான் எங்க வூட்டுக்காரரு முள்ள சாச்சி வெச்சாரு, அதுல சமாளிச்சிக்கினு கீறோம். முள்ள தட்டலன்னா என் கடையில ஒண்ணியும் வெடிக்காது." மூக்கை உறிஞ்சினாள். "பதினோரு வருசமா இந்த மஞ்ச நூல பாத்துப் பாத்து வயிறு எரிஞ்சிக்கினு கெடக்குறவ நானு. எனக்குக் கெடைக்கலியேன்னு அழுதவளுக்கு, இத ஒடைக்கிறதுக்குக் கை வருமா?"

கொளஞ்சி அந்த மஞ்சள் நூலைப் பார்த்தாள். பூமாலை தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள். பதினோரு வருஷமாக. வயிறு எரிந்து. இவள் அங்கே பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் இங்கே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நல்லது இத்தனை நாளும் தன் மேசைமேலேயே கிடந்திருக்கிறது. அதைத் தன் கையாலேயே தட்டி, அவளுடைய கோணல் மாதிரி ஆக்கி வைத்திருக்கிறாள்.

"நான்தான் தட்னேன்" என்றாள்.

பச்சமுத்து வாயிலிருந்த பலூன் புஸ்ஸென்று காற்றுப் போய்ப் பறந்தது.

"உன்னுது சாஞ்சி இருந்திச்சி. அதனாலதான் வெடிக்குதுன்னு நெனைச்சி, என்னுதையும் சாச்சேன்."

பூமாலை ஒரு நிமிஷம் விளங்காமல் பார்த்தாள். விளங்கியதும் அழுகையும் சிரிப்புமாக மேசையிலேயே சாய்ந்துவிட்டாள். மலர்விழி தலையைக் குனிந்துகொண்டு ரவைத் தட்டைக் கிளறினாள். பொன்னுரங்கம் சிரிக்கவில்லை. "மல பூமாலைக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கரும்புச்சாறு வண்டிக்குத் திரும்பிப் போனார். நியாயம்தான். கூட்டம் நின்றது அங்கேதானே.

மறுநாள் காலையில் கொளஞ்சி முள் இரண்டையும் நிமிர்த்தினாள். காலண்டர் தாளில் பத்து ரவை. பத்தும் தேதியின் நடுவில் போய் விழுந்தன. தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருஷத்து மலை விழாவும் தேர்த் திருவிழாவும் கூழ்த் திருவிழாவும் அந்த ஓட்டை வழியாகப் போய்விட்டன என்று நினைத்தபோது, திட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் அழுகை வந்தது.

பத்து மணிக்குப் பூமாலை வந்தாள். சல்லடை கேட்டு வந்ததாகச் சொன்னாள். சல்லடை வாசலிலேயே கிடந்தது. அவள் கொல்லை வரைக்கும் நடந்து வந்தாள். பிரஸ்ஸைப் பார்த்தாள். கைப்பிடியைத் தொட்டாள். தட்டிலிருந்து ஒரு ரவையை எடுத்து விரலில் உருட்டினாள்.

"இத்த நீயே அடிச்சியாக்கா?"

"பின்ன, ஆளு வெச்சா அடிக்கிறேன்?"

"மலைக்கு எனக்குக் கொஞ்சம் குடுக்கா. ஈயம் நான் தர்றேன்." ரவையைத் தட்டில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். பிறகு சுவரில் சாய்த்திருந்த மஞ்சள் நூல் துப்பாக்கியைப் பார்க்காத மாதிரி பார்த்தாள். "அதுலயும் ஒண்ணு குடுத்தின்னா, மூணு நாளு வெச்சினு இருந்துட்டுக் குடுத்துடுவேன்."

கொளஞ்சி அவள் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ திருவிழாக்களில் தன் முகத்தில் இருந்த பார்வைதான் அது.

"ரவை தர்றேன், எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்கினு போ. துப்பாக்கிய மட்டும் கேக்காத" என்று சொல்லி, துப்பாக்கியை எடுத்துக்கொண்டுபோய் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள்.

அன்று மத்தியானம் இரண்டு தடவை சோறு வாங்கித் தின்றாள் என்று பச்சமுத்து சொல்கிறான்.